தண்ணி கடிக்குதும்மா

யாராவது ஒரு சர்க்யூட் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், அது என்ன செய்யும் என்று நான் முதலில் கேட்பதில்லை. "இதுக்கு கரண்ட் எங்கேருந்து வருது?" என்றுதான் கேட்பேன். வேளச்சேரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். ப்ராஜெக்ட் நேரத்தில் வந்து நிற்பார்கள். "அக்கா, பன்னெண்டு வோல்ட்தான்க்கா, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பன்னிரண்டு வோல்ட் சரி, எதற்கும் எதற்கும் நடுவே? மீட்டரின் சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் நடுவே. அந்தக் கறுப்பு முனைக்கும் நாம் வெறுங்காலோடு நிற்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை.

இந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்தது பிக்சர் டியூப் காலத்தில். டிப்ளமோ முடித்ததும் டிவி பழுது பார்க்கும் கடையில்தான் சேர்ந்தேன். அன்றைய செட்டுகள் பலவற்றில் உள்ளே இருக்கும் கிரவுண்ட், அதாவது சர்க்யூட் முழுக்கவும் பொதுவான மைனஸ், நேராக மெயின்ஸோடு (வீட்டு 230 வோல்ட் லைனோடு) சேர்ந்திருக்கும். ஹாட் சேஸிஸ் என்போம். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் போதும், நியூட்ரலாக இருந்த சேஸிஸ் முழுக்க, தொட்டால் ஷாக் அடிக்கும் பேஸ் ஆகிவிடும். படம் மட்டும் முன்போலவே அழகாகத் தெரியும்.

அதே சங்கதியை ஒரு கோடையில் மொட்டை மாடியில் பார்த்தேன். பக்கத்துத் தெருவில் மூன்று மாடி அபார்ட்மென்ட். பெயின்ட் அடித்து முடித்திருந்த சமயம். வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். "தண்ணி கடிக்குதும்மா. டேங்க்ல கைய வச்சா சுர்ருங்குது." மேல்மாடி வீட்டில் பித்தளைக் குழாயை ஈரக்கையால் தொட்டால் லேசாக ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். கீழ்வீட்டில் ஒன்றுமே இல்லை. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு மோட்டரில் லீக்கேஜ் என்று சொல்லியிருந்தார். மோட்டர் ஓடாத நேரத்திலும், அதன் சப்ளையைக் கழற்றிய பிறகும் தண்ணீர் கடித்தது என்பதுதான் வேடிக்கை.

மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி தொங்கியது. டேங்க் நிரம்பினால் கத்தும் அலாரம். சென்னையில் பாதிப் பேருக்கு முதல் சர்க்யூட்டே இதுதான். சம்ப்பில் இருந்து மேலே ஏற்றுகிற தண்ணீர் வழிந்து வீணாகக் கூடாதே. நாலு கம்பி டேங்குக்குள் தொங்கும், தண்ணீர் கம்பியைத் தொட்டதும் பிசி547 டிரான்ஸிஸ்டர் ஒன்று விழித்துக்கொள்ளும், பஸ்ஸர் அடிக்கும். எளிமையான, நல்ல சர்க்யூட். பெயின்ட் அடித்தவர்கள் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, முடிந்ததும் திரும்பச் செருகியிருக்கிறார்கள். இரண்டு பின் பிளக். எந்தப் பக்கம் செருகினாலும் அலாரம் அடிக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். டிரான்ஸ்ஃபார்மரைக் காணோம். 474 என்று எழுதிய ஒரு சதுரக் கெபாசிட்டர், ஒரு டயோடு, ஒரு 12 வோல்ட் ஜீனர், ஒரு எலக்ட்ரோலிட்டிக். செலவைக் குறைக்க யாரோ கெபாசிட்டர் சப்ளை போட்டிருந்தார்கள், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஒரு கெபாசிட்டரே கரண்டை மட்டுப்படுத்தும். 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 6,800 ஓம் போல நடந்துகொள்ளும். 230 வோல்ட்டில் அதன் வழியே சுமார் 34 மில்லியாம்பியர்தான் போகும். பஸ்ஸருக்கும் எல்இடிக்கும் அது ஏராளம். வேலை செய்யும், சூடாகாது, தீப்பெட்டி அளவுதான் இடம் பிடிக்கும். ஆளே தொட முடியாத, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் நைட் லாம்ப் மாதிரியானவற்றில் இதைப் போடுவார்கள். அங்கே சரி. டேங்க் தண்ணீரில் தொங்கும் கம்பிக்கு இதிலிருந்து சப்ளை கொடுப்பதை நான் கொலை முயற்சி என்றே சொல்வேன்.

இதைச் சொன்னபோது கூட வந்த பையன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "நடுவுல கெபாசிட்டர் இருக்கேக்கா, 34 மில்லியாம்பியருக்கு மேல வராதே?" கெபாசிட்டர் இருப்பது ஒரு கம்பியில் மட்டும். இன்னொரு கம்பி தடையே இல்லாமல் நேராக சர்க்யூட்டின் மைனஸுக்குப் போகிறது. பிளக் ஒரு பக்கம் இருந்தவரை அந்த மைனஸ் நியூட்ரல், அதனால் பல வருடம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. திருப்பிச் செருகியதும் மைனஸ் பேஸ் ஆகிவிட்டது, அதோடு சேர்ந்து டேங்க் தண்ணீர் முழுவதும். அப்படியே கெபாசிட்டர்தான் குறுக்கே இருந்தாலும் 34 மில்லியாம்பியர் சின்னதில்லை. 1 மில்லியாம்பியரில் உடம்புக்குத் தெரிய ஆரம்பிக்கும். 10ஐத் தாண்டினால் விரல்கள் இறுகிப் பிடித்துக்கொண்டு, விட நினைத்தாலும் விட முடியாமல் போகலாம். 30க்கு மேல் போய், நேரமும் நீடித்தால் இதயம் தாளம் தப்பலாம். மனித உயிரைக் காக்கவென்று போடும் ஆர்சிசிபி 30 மில்லியாம்பியருக்கு வைத்திருப்பது இதனால்தான்.

கீழ்வீட்டில் ஏன் ஒன்றும் இல்லை என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் டேங்க், பிவிசி குழாய். கரண்டுக்குக் கீழே வர தண்ணீர் மட்டும்தான் வழி. முக்கால் அங்குலக் குழாயில் பத்து மீட்டர் தண்ணீர் என்றால் அதன் தடை லட்சக்கணக்கான ஓம். அதனால்தான் மேல்மாடியில் வெறும் ஊர்தல், குழாய் இன்னும் நீளமான கீழ்வீட்டில் அதுவும் இல்லை. டேங்கில் நேராகக் கையை விட்ட வாட்ச்மேனுக்கு அந்தத் தடை கிடையாது. அவர் காலில் கிடந்த ரப்பர் செருப்புதான் காப்பாற்றியது. வெறுங்காலோடு ஈர மாடியில் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

டிஜிட்டல் மீட்டரை மட்டும் நம்பி நான் முடிவு சொல்லவில்லை. பக்கத்தில் ஓடும் கம்பியிலிருந்து தூண்டப்பட்டு வரும் பேய் வோல்டேஜையும் அது 80, 100 என்று காட்டும். அதனால் சப்ளை இல்லாத நேரத்தில் மீட்டருக்கு இணையாக 10 கிலோ ஓம், 10 வாட் ரெஸிஸ்டர் ஒன்றை முதலைக் கிளிப்பால் மாட்டி, ஒரு முனையைத் தண்ணீரிலும் மறு முனையை எர்த்திலும் வைத்துவிட்டு, தள்ளி நின்று பிளக்கைப் போடச் சொன்னேன். பேயாக இருந்தால் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும். 200க்கு மேலேயே நின்றது. மெயின்ஸில் பழக்கம் இல்லாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். பெட்டியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏன் இத்தனை மரியாதை? அதில் உள்ளே போகும் சுற்றும் வெளியே வரும் சுற்றும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அடுத்த வீட்டுப் பேச்சு சுவரைத் தாண்டிக் கேட்கும், ஆள் தாண்டி வர முடியாது. அது மாதிரி, காந்தப்புலம் வழியாகச் சக்தி மட்டும் வருகிறது. அந்தப் பக்கத்து 12 வோல்ட்டுக்கும் தரைக்கும் உறவில்லை. ஆனால் கனமாக, சுற்று போட்ட இரும்பாக இருப்பதெல்லாம் இந்த ஜாதி இல்லை. ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் வோல்டேஜை ஏற்றி இறக்குவது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அதில் ஒரே சுற்றுதான், நடுவிலிருந்து ஒரு கம்பியை வெளியே எடுத்திருப்பார்கள். கைப்பிடியைத் திருகி வோல்டேஜ் மாற்றும் வேரியாக்கும் அப்படியே. அதில் 12 வோல்ட்டுக்குத் திருகி வைத்திருந்தாலும் பேஸ் பேஸ்தான்.

கையில் இருக்கும் சப்ளை எந்த ரகம் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை உயர்ந்த ஓம் ரேஞ்சில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் வெளியீட்டின் ஒவ்வொரு முனைக்கும் நடுவே பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்த சப்ளை என்றால் எல்லா ஜோடியிலும் ஓபன், அதாவது தொடர்பே இல்லை என்று காட்டும். கெபாசிட்டர் சப்ளையில் ஒரு பின்னுக்கும் மைனஸுக்கும் நடுவே பூஜ்யம். உள்ளே நாலு டயோடு பிரிட்ஜ் போட்டிருந்தால் டயோடு ரேஞ்சில், மைனஸிலிருந்து பின்னை நோக்கி, 0.5 அல்லது 0.6 காட்டும். தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் இதே போலப் பார்ப்பேன். சின்ன 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரி (230 உள்ளே போகும் சுற்று) சில நூறு ஓம், செகண்டரி (12 வெளியே வரும் சுற்று) ஓரிரு ஓம், இரண்டுக்கும் நடுவே ஓபன். எது பிரைமரி என்று தெரியாமல் செகண்டரியில் 230ஐக் கொடுத்தால் புகை, அல்லது மறுபக்கம் ஆயிரக்கணக்கில் வோல்ட்.

சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்தான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்து போகும் தூரம். ஞாயிறு போய் ஏமாறாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். முக்கியத் தெருவில் மொபைலும் சிசிடிவி கேமராவும் மொய்க்கும். உதிரி பாகம் வேண்டுமென்றால் உள்ளே நரசிங்கபுரம் தெருப் பக்கம் திரும்ப வேண்டும். "டுவெல் ஜீரோ டுவெல், ஒன் ஆம்ப்" என்று கேட்டால் இரண்டு மூன்று தரத்தில் எடுத்து வைப்பார்கள். கையில் எடை பாருங்கள். ஒரே அளவில் ஒன்று மட்டும் இலேசாக இருந்தால் உள்ளே தாமிரத்துக்குப் பதில் அலுமினியக் கம்பியாக இருக்க வாய்ப்பு அதிகம், சீக்கிரம் சூடேறும். பிரைமரி பக்கம் 250 மில்லியாம்பியர் ஸ்லோ ப்ளோ கண்ணாடி ஃபியூஸ், 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர், வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் கிரோமெட், இழுத்தால் வராதபடி ஒரு கிளாம்ப். இதெல்லாம் சேர்த்தும் ஒரு தோசை காபிக்கு மேல் பெரிதாக ஆகாது. ஐசிக்கு நானூறு ரூபாய் கொடுப்பவர்கள் இங்கே கஞ்சம் பிடிப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இப்போது பிள்ளைகள் டிரான்ஸ்ஃபார்மரே வாங்குவதில்லை, மொபைல் சார்ஜரை வைத்து ஓட்டிவிடுகிறார்கள். நல்ல சார்ஜர் என்றால் அதுவே சிறந்த வழி. அதற்குள்ளும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, பிரிப்பு இருக்கிறது. அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். நடைபாதையில் விற்கும் மலிவு ரகம் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். 230 ஓடும் செம்புப் பாதைக்கும் 5 வோல்ட் பாதைக்கும் நடுவே இடைவெளி ஒரு நகக்கண் அளவு. நல்ல சார்ஜரில் அங்கே ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டிருப்பார்கள், பல நேரம் போர்டையே கீறி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். மே மாதப் புழுக்கத்தில் அந்த நகக்கண் இடைவெளியில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கொசு பேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் கெட்டுப்போகும் மின்சாதனங்களில் பிள்ளைகள் முதலில் திறப்பது இதைத்தான். உள்ளே இருப்பது 4 வோல்ட் பேட்டரி என்பதால் விளையாட்டுப் பொருள் என்று நினைப்பு. சார்ஜ் ஏற்றும் பகுதி பெரும்பாலும் அதே கெபாசிட்டர் சப்ளைதான். பிளக்கில் செருகியிருக்கும்போது பேட்டரியின் முனையும் மெயின்ஸும் ஒன்று. சார்ஜில் வைத்துக்கொண்டே திறந்து தொடக் கூடாது. வலைப் பக்கமோ ஆயிரம் வோல்ட்டுக்கு மேல், சுவிட்சை விட்ட பிறகும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் வலையின் அடுத்தடுத்த இரண்டு அடுக்கையும் சேர்த்துத் தொட்டு, டப்பென்ற சத்தம் கேட்ட பிறகு கை வையுங்கள்.

கம்ப்யூட்டருக்கு சப்ளை கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஸ்க்ரூடிரைவர் வைத்தியம் வேண்டாம். 230ஐ டிசி ஆக்கினால் 325 வோல்ட். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் அது சேர்ந்தால் ஐந்து ஜூலுக்கு மேல், ஸ்க்ரூடிரைவர் நுனியே உருகித் தெறிக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெஸிஸ்டருக்கு இரண்டு பக்கமும் காப்பிட்ட கம்பி வைத்து, ஐந்தாறு விநாடி, கெபாசிட்டர் பெரிதென்றால் இன்னும் கூடுதலாகப் பிடித்து, பிறகு மீட்டரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் நான் தொடுவேன்.

பழுது பார்த்த எதையும் முதல் தடவை சீரிஸ் பல்பு வழியாகத்தான் போடுவேன். ஒரு பலகை, ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், பேஸ் கம்பியில் பழைய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னிவிட்டு மங்கினால் நல்ல சேதி, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஆனால் இது காப்பாற்றுவது போர்டை, உங்களை அல்ல. 100 வாட் பல்பு வழியாக 0.43 ஆம்பியர் வரை வரும், ஆளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம்.

எம்சிபியும் அப்படித்தான். அது வயர் எரியாமல் பார்த்துக்கொள்கிறது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு நீங்கள் வாங்கும் 100 மில்லியாம்பியர் ஷாக் கண்ணுக்கே தெரியாது. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒன்றா என்று பார்க்கும் ஆர்சிசிபிதான் தெரிந்துகொள்ளும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு கையில் பேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் போனது முழுக்கத் திரும்பி வருகிறது, ஆர்சிசிபி நீங்களும் ஒரு பல்பு என்றே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் சப்ளை இருக்கும்போது அளந்தே ஆக வேண்டுமென்றால் கறுப்பு முனையைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி. குனிந்து பார்க்கும்போது சங்கிலி போர்டு மேல் தொங்குகிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் ஆண்கள், இதை யாரும் சொல்லவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனால் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு வளையல் விழுந்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாய்ந்து, வளையல் கையிலேயே பழுக்கக் காயும். பழைய லேப்டாப்பில் கழற்றிய லித்தியம் செல்லுக்கும் இது பொருந்தும்.

வாடகை வீட்டுக்காரர்கள் எர்த்தை நம்புவதற்கு முன் அளந்து பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் 230 வாக்கில் இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். அயர்ன் பாக்ஸை அதே பாயின்ட்டில் போட்ட பிறகும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். பாயின்ட்டுக்குள்ளேயே இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்திருப்பார்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்தப் பாயின்ட்டில் இருக்கும் இரும்பு உடம்பெல்லாம் பேஸ் ஆகும். அதைச் சரி செய்ய லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பொழுதுபோக்கு வேலை இல்லை அது. மல்டிமீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலிவான மஞ்சள் மீட்டரில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது, அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆம்பியர் பார்த்துவிட்டு முனையை மாற்றாமல் அப்படியே பிளக் பாயின்ட்டில் வைத்தால் நேரடி ஷார்ட்.

அபார்ட்மென்ட் டேங்குக்கு ஃப்ளோட் சுவிட்ச் போட்டோம். தண்ணீரில் கம்பியே நனைய வேண்டாம், மிதவைக்குள் இருக்கும் சுவிட்ச் மூடித் திறக்கும். சப்ளை கீழே மீட்டர் ரூமில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 12 வோல்ட். கம்பிகளைத் தண்ணீரில் விடும் முறையில் வேறு தொல்லையும் உண்டு. போர்வெல் தண்ணீரின் உப்புக்கு டிசி கொடுத்தால் சில மாதத்தில் ஒரு கம்பி அரித்தே காணாமல் போகும். மோட்டரையும் தானாக நிறுத்த வேண்டும் என்று செக்ரட்டரி சார் கேட்டார். 1 எச்பி மோட்டர் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பத்து ஆம்பியர் சுகர் க்யூப் ரிலேயை (கரண்டால் இயங்கும் குட்டி சுவிட்ச்) நேராக வைத்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு மோட்டர் நிற்கவே நிற்காது. சின்ன ரிலே, மோட்டர் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலேயான காண்டாக்டரை இயக்க, காண்டாக்டர் மோட்டரை இயக்கும்படி வைத்தோம். பொதுச் சப்ளைக்கு ஒரு ஆர்சிசிபியும் வாங்க வைத்தேன். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, மாதம் ஒரு தடவை அழுத்தினால் ட்ரிப் ஆக வேண்டும். அழுத்துவது வாட்ச்மேன் பொறுப்பு.

கடைசியாக மழை. எங்கள் ஏரியாவில் 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் பார்த்தாயிற்று. தெருவில் தண்ணீர் ஏறினால் ஈபியில் லைனை நிறுத்திவிடுவார்கள், கரண்ட் இல்லை என்று நாமும் தைரியமாக முழங்கால் தண்ணீரில் இறங்குவோம். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 இருக்கும், தண்ணீருக்குள் மூழ்கிய பாயின்ட்டிலும் இருக்கும். முதலில் இன்வெர்ட்டரை அதன் சுவிட்சில் நிறுத்துங்கள், வீட்டில் எல்லாருக்கும் அந்த சுவிட்சைக் காட்டி வையுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு நனைந்த போர்டுகள் என் மேசைக்கு வரும். நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, நாள் கணக்கில் காயவிட்டு, சீரிஸ் பல்பு வழியாகப் போட்டால் பல போர்டுகள் பிழைத்துக்கொள்ளும். நனைந்த டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் நான் பரிதாபம் பார்ப்பதில்லை. மல்டிமீட்டர் தன் சின்ன பேட்டரியால் அளந்து ஓபன் என்றே சொல்லும். சுற்றுகளுக்கு நடுவே இன்னும் ஈரம் இருக்கிறதா என்று 500 வோல்ட் கொடுத்துக் காப்பை அளக்கும் மெகர்தான் சொல்லும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கி வைத்துப் பார்ப்பேன். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே மெகாஓம் கணக்கில் நிற்கவில்லை என்றால் காயலான் கடைக்கு.